ஆம்ப்ளிஃபையர் மாற்றப் போகிறீர்களா? பழையது எப்படிச் செத்தது?

போன மாதம் மட்டும் மூன்று பேர் என் வீட்டு கேட்டைத் தட்டினார்கள். மூவர் கையிலும் செத்துப்போன ஆம்ப்ளிஃபையர். மூவரும் கேட்டது ஒன்றுதான்: "அங்கிள், இதுக்குப் பதிலா எதை வாங்கலாம்?" இது ஏன் போச்சு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நானும் கேட்கவில்லை. அதில் போனது 1,350 வெள்ளி. இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் இருப்பது சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயாவில். பெயர் மாறி எத்தனையோ வருடம் ஆகியும் எங்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். பக்கத்தில் தென்னமரம் தோட்டம். பெயரில் தென்னை இருந்தாலும், 1917-இல் மலாயாவில் முதன்முதலாக வணிகத்துக்குச் செம்பனை நட்ட மண் அது. தோட்டத்து லயத்தில் வளர்ந்து, செம்பனை ஆலையில் வயர்மேனாக வேலை பார்த்து, இப்போது தாமான் வீட்டு ஹாலில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறேன். வயர்மேன் என்பதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் செய்த தவறை வயர்மேன் செய்யவே கூடாது.

சிவப்பைச் சிவப்போடு மாட்டுங்கள், வால்யூமைக் குறைத்துவிட்டு ஆன் பண்ணுங்கள் என்பதெல்லாம் பெட்டியோடு வரும் தாளிலேயே இருக்கிறது. அதை விட்டுவிடுகிறேன்.

பழையது ஏன் போனது என்று பார்க்காமல் புதியதை வாங்குவது

அப்போது என்னிடம் இருந்தது 50 வாட் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் ஒன்று. ஹாலில் 4 ஓம் ஸ்பீக்கர் ஒரு ஜோடி. (ஓம் என்பது கரண்டுக்கு ஸ்பீக்கர் காட்டும் எதிர்ப்பு. ஓம் குறைந்தால் கரண்ட் கூடும்.) தீபாவளிக்கு வாசலிலும் பாட்டு கேட்கட்டும் என்று, பழைய மினி காம்போவிலிருந்து கழற்றிய 6 ஓம் ஸ்பீக்கர் ஜோடியை வராந்தாவில் வைத்து, ஆம்ப்ளிஃபையரின் பின்னால் 'பி' என்று இருந்த இடத்தில் மாட்டினேன். முன்னால் ஏ, பி என்று இரண்டு பொத்தான். இரண்டையும் அமுக்கினேன். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்ததிலிருந்து பாட்டுதான். அந்த மெஷின் இருந்ததோ கண்ணாடி அலமாரிக்குள். அதன் தலையில் என் மனைவி விரித்த பூப்போட்ட லேஸ் துணி.

மத்தியானம் விருந்தாளிகள் நிறைந்திருந்த நேரத்தில் உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். பாட்டு நின்றது. சூட்டிலோ கூடுதல் கரண்டிலோ உள்ளே இருக்கும் ரிலே தன்னைத் துண்டித்துக்கொள்ளும் சத்தம் அது. மெஷின் கெஞ்சுகிறது என்று அர்த்தம். நான் என்ன செய்தேன்? டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்துவிட்டு மறுபடி ஆன் பண்ணினேன். பாடியது. இரண்டு வாரத்தில் ஒரேயடியாகப் போய்விட்டது. "பழசு, ஆயுள் முடிஞ்சிருச்சு" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கோலாலம்பூருக்குப் போனேன். கடைக்காரர், "இது 100 வாட், நாலு பாக்ஸும் தாங்கும்" என்றார். நம்பினேன். அதே வயர், அதே நாலு பாக்ஸ், அதே அலமாரி. தைப்பூசம் வருவதற்குள் அதுவும் போய்விட்டது.

பழுது பார்க்கிற சீனக் கிழவர் மூடியைத் திறப்பதற்கு முன்பே கேட்டார்: "பெராப்பா ஸ்பீக்கர்?" நாலு என்றேன். ஒன்றும் பேசாமல் மெஷினைத் திருப்பி, பின்பக்கத்தில் அச்சடித்திருந்த ஒரு வரியில் விரலை வைத்தார். ஏ அல்லது பி என்றால் குறைந்தது 4 ஓம். ஏ, பி இரண்டும் சேர்ந்தால் ஒவ்வொன்றும் குறைந்தது 8 ஓம். வாங்கிய அன்றிலிருந்து அந்த வரி அங்கேதான் இருந்தது.

கணக்கு சின்னதுதான். பெரும்பாலான மெஷின்களில் இரண்டு ஜோடியையும் ஒன்றாகப் போட்டால் அவை பேரலலில், அதாவது கரண்டுக்குப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வழியாக, நிற்கும். 4 ஓமும் 6 ஓமும் பேரலலில் சேர்ந்தால் 2.4 ஓம். 20 வோல்ட் கொடுக்கும்போது 8 ஓம் ஸ்பீக்கர் இழுப்பது இரண்டரை ஆம்பியர், அதாவது 50 வாட். அதே 20 வோல்ட்டில் 2.4 ஓம் இழுப்பது எட்டு ஆம்பியருக்கு மேல். டிரான்சிஸ்டர் வெந்துபோகாமல் என்ன செய்யும்? வாட் கூடிய மெஷின் இதைத் தாங்கும் என்று நினைப்பதில் இன்னொரு குழி இருக்கிறது. 100 வாட் மெஷினுக்குள் வோல்டேஜும் கூடுதல். அதே 2.4 ஓமில் அதைத் திருகினால் பாயும் கரண்ட் முன்பைவிட அதிகம்தான். பெரிய மெஷின் வாங்கி நான் நெருப்பைத்தான் பெரிதாக்கினேன்.

என்னை எரிச்சல்படுத்துவது பணம்கூட இல்லை. ஆலையில் மோட்டார் எரிந்தால், ஓவர்லோடா, பேரிங் இறுகிவிட்டதா என்று பார்க்காமல் நான் ஒரு நாளும் புது மோட்டாரை ஏற்றியதில்லை. ட்ரிப் ஆகிற இடத்தில் பெரிய ஃபியூஸ் போடுகிற பையன்களைத் திட்டியிருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் அந்த மூளையைச் சைக்கிளோடு வாசலில் நிறுத்திவிட்டேன் போலிருக்கிறது.

சரி, நீங்கள் என்ன பார்க்க வேண்டும்? ஒரு பக்கம் பாடவில்லை என்றால், மெஷினை அணைத்துவிட்டு இடது வலது ஸ்பீக்கர் வயர்களை மெஷின் பக்கத்தில் மாற்றி மாட்டுங்கள். ஊமை மறுபக்க ஸ்பீக்கருக்குப் போய்விட்டால் கோளாறு மெஷினிலோ அதற்கு முன்னாலோ இருக்கிறது. அதே ஸ்பீக்கரிலேயே நின்றால் ஸ்பீக்கரோ வயரோதான் காரணம், ஆம்ப்ளிஃபையர் வாங்கத் தேவையில்லை. வால்யூமைத் திருகும்போது கரகரவென்றால், நம் ஊர் ஈரக்காற்றில் உள்ளே கான்டாக்ட் கறுத்திருக்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஃபியூஸ் போயிருந்தால் அதே அளவு ஃபியூஸ் ஒன்று போட்டுப் பாருங்கள். அதுவும் உடனே போனால் உள்ளே ஷார்ட். ஸ்பீக்கர் வயரின் நுனியில் ஒரு இழை பிரிந்து பக்கத்து முனையைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். போன மாதம் வந்த மூவரில் ஒருவருடைய கதை அதுதான். இன்னொருவர் மெஷினுக்குள் பல்லி குறுக்கே விழுந்து கருகிக் கிடந்தது. மூடியை நீங்களாகத் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர் கடிக்கும்.

வராந்தாவுக்கு இப்போது தனியாக ஒரு சின்ன கிளாஸ் டி (கரண்டைச் சூடாக வீணாக்காத வகை) ஆம்ப்ளிஃபையர் வைத்திருக்கிறேன். உள்ளங்கை அகலம்தான். சூடே ஏறுவதில்லை.

வாட்டைப் பார்த்து வாங்குவது

50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் நடுவில் 3 டெசிபல்தான். சத்தம் இரட்டிப்பாகக் காதில் விழ ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும். அதற்கு வாட் பத்து மடங்காக வேண்டும். உங்கள் ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி, அதாவது ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் சத்தம் வரும் என்பது, 86-ஆ 90-ஆ என்று முதலில் பாருங்கள். 90 டெசிபல் ஸ்பீக்கர் இருந்தால், தாமான் வீட்டு ஹாலுக்கு 30 வாட்டே பக்கத்து வீட்டுக்காரரை வேலிக்கு வரவழைக்கும்.

எழுதியிருக்கிற வாட்டும் எல்லா இடத்திலும் ஒரே வாட் இல்லை. பிஎம்பிஓ (ஒரு கணம் மட்டும் எட்டும் உச்சம் என்று சொல்லும் கணக்கு) என்று 2,000, 3,000 போட்டிருந்தால் அதைப் படிக்கவே வேண்டாம். ஏவி ரிசீவர்களில் ஒரே ஒரு சேனலை மட்டும் ஓட்டி, 6 ஓமில், 1,000 ஹெர்ட்ஸில் எடுத்த கணக்கைப் பெரிதாகப் போடுவார்கள். 8 ஓமில், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, இரண்டு சேனலும் ஓடும்போது எத்தனை என்று கேளுங்கள். அப்புறம் 4 ஓமில் எத்தனை என்று கேளுங்கள். கிட்டத்தட்ட இரட்டிப்பு வந்தால் உள்ளே சரக்கு இருக்கிறது.

ஜப்பான் பழைய சரக்கு

விலை ஆளை மயக்கும். பார்க்கவும் அழகு. ஆனால் ஜப்பான் வீட்டுக் கரண்ட் 100 வோல்ட், நமக்கு 230. இரண்டு தட்டை முள் பிளக்கை நம் மூன்று முள் சாக்கெட்டில் சொருக அடாப்டர் ஒன்று பாசார் மாலாமிலேயே கிடைக்கும். அது முள்ளின் வடிவத்தை மாற்றும், வோல்டேஜை மாற்றாது. ஆன் பண்ணின மறுநிமிடம் புகை. சிலவற்றில் பின்னால் வோல்டேஜ் மாற்றும் சுவிட்ச் இருக்கும். இல்லையென்றால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அதுவும் மெஷின் இழுப்பதைவிடத் தாராளமான அளவில். அந்தக் காசையும் விலையோடு சேர்த்துப் பார்த்துவிட்டு மலிவா என்று சொல்லுங்கள்.

பழைய மெஷின் எதுவானாலும் மல்டிமீட்டரை மில்லிவோல்ட் டிசியில் வைத்து, பாட்டுப் போடாமல், ஸ்பீக்கர் முனைகளில் அளந்து பாருங்கள். 50-க்கு மேல் காட்டினால் விலையைக் குறைக்கப் பேசாதீர்கள், வீட்டுக்குப் போங்கள். ஒலியைப் பெருக்கும் பகுதி ஒரே துண்டாக வரும் எஸ்டிகே சிப் போட்ட மெஷின் என்றால் இரண்டு தடவை யோசியுங்கள். அசல் சிப் எப்போதோ நின்றுவிட்டது. கிடைப்பதில் போலிதான் ஏராளம்.

இசைத்தட்டை மறந்துவிடுவது

அப்பா வைத்துவிட்டுப் போன இசைத்தட்டுகள் வீட்டில் இருந்தால், 'போனோ' என்று எழுதிய ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண எம்எம் (மூவிங் மேக்னட்) ஊசி தருவது 5 மில்லிவோல்ட் போல, சிடி தருவது 2 வோல்ட். தவிர, தட்டில் வெட்டும்போது பேஸைக் குறைத்து ட்ரெபிளைக் கூட்டியிருப்பார்கள். அதைத் திருப்பிச் சரிசெய்வதும் போனோ பகுதிதான். 'ஆக்ஸ்' என்று எழுதிய சாதாரண ஓட்டையில் மாட்டினால் கொசு பாடுவதுபோல் இருக்கும். போனோ ஓட்டை இல்லையா? தனி போனோ பெட்டி விற்கிறது.

புளூடூத் இல்லையே என்று மாற்றுவது

குட்டி ரிசீவர் ஒன்று வாங்கி ஆக்ஸில் மாட்டுங்கள்.

விலை உயர்ந்த வயர்

வேண்டாம்.

அலமாரி

மேலே ஒரு சாண் இடம். லேஸ் துணி கிடையாது. இதை வீட்டில் சொல்லி ஜெயிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது.

இடி

சாயங்காலம் ஈஜோக் பக்கம் வானம் கறுத்தால் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. மின்னல் எஃப்எம் வானொலி கேட்க ஆன்டெனா மாட்டியிருந்தால் அதையும்.