நம்ம கிளாஸ் கிளையன்ட் பக்கம் போய்ச் சேர

டாட்நெட்டில் எழுதிய பழைய ஏஎஸ்எம்எக்ஸ் சர்வீஸ் (வேறு நிரல்கள் வலை வழியே அழைப்பது; அழைக்கும் நிரல்தான் கிளையன்ட்) ஒன்றை இன்னும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். புதிதாக வேலைக்கு வருகிற பையன்கள் தவறாமல் கேட்பது: "அண்ணா, பில் கிளாஸ் கிளையன்ட்ல தெரியுது. அதுக்குள்ள மொத்தம் போடுற மெதட் மட்டும் காணோமே?"

காணாமல் போகவில்லை, அது கிளம்பவே இல்லை. சர்வீஸ் என்ன தரும் என்று கிளையன்ட்டுக்குச் சொல்லும் டபிள்யூஎஸ்டிஎல் கோப்பில் நம் கிளாஸைப் பற்றி இருப்பது ப்ராப்பர்ட்டிகளின் பெயரும் வகையும்தான். அதைப் படித்து விஷுவல் ஸ்டுடியோ கிளையன்ட் பக்கம் புதிதாக ஒரு பில் கிளாஸ் எழுதிக்கொள்கிறது. பெயர் ஒன்று, ஆள் வேறு.

அதனால் மொத்தத்தை ப்ராப்பர்ட்டியாக மாற்றுங்கள். கெட் மட்டும் வைத்தால், தரவை எக்ஸ்எம்எல்லாக மாற்றி அனுப்பும் எக்ஸ்எம்எல் சீரியலைசர் அதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும்; ஒன்றும் செய்யாத செட் ஒன்றையும் சேர்க்க வேண்டும். அசிங்கம்தான், ஆனால் வேலை நடக்கும். கிளாஸ் பப்ளிக்காக இருக்கட்டும், அளவுரு இல்லாத கன்ஸ்ட்ரக்டர் ஒன்று இருக்கட்டும். டிக்‌ஷனரி வைத்தால் சீரியலைசர் கையை விரித்துவிடும். லிஸ்ட் பரவாயில்லை, வெப் ரெஃபரன்ஸ் (விஷுவல் ஸ்டுடியோவில் சர்வீஸோடு இணைக்கும் வழி) சேர்த்த கிளையன்ட்டுக்கு அது அர்ரேயாகப் போய்ச் சேரும்.

பப்ளிக்காக இருக்கும் எல்லாமே வெளியே போகும் என்பதையும் மறக்காதீர்கள். சரக்கு வாங்கிய விலை வாடிக்கையாளருக்குத் தெரிய வேண்டுமா என்ன? அதன் தலையில் எக்ஸ்எம்எல்இக்னோர் என்ற குறிப்பைப் போடுங்கள்.

என்னை ஒரு மாதக் கடைசியில் ராத்திரி முழுக்க உட்கார வைத்தது வேறு விஷயம். மெதட் திருப்பித் தருவது பில். கடன்பில் அதிலிருந்து பிறந்த கிளாஸ். சோதித்தபோதெல்லாம் சாதா பில்தான் போட்டுப் பார்த்தேன், ஓடியது. உண்மையான முதல் கடன்பில் வந்ததும் 'இந்த வகையை எதிர்பார்க்கவில்லை' என்று பிழை. மெதட்டின் முகப்பில் பெயர் இல்லாத கிளாஸைச் சீரியலைசருக்குத் தெரியாது. நாம்தான் அறிமுகப்படுத்த வேண்டும். பில் கிளாஸின் மேல் எக்ஸ்எம்எல்இன்க்ளூட் எழுதி, அடைப்புக்குறிக்குள் டைப்ஆஃப் கடன்பில் என்று கொடுத்தால் போதும். டபிள்யூஎஸ்டிஎல்லிலும் அது ஏறிவிடும். கிளையன்ட் ஒருமுறை வெப் ரெஃபரன்ஸைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

மெதட்டோடு சேர்த்தே கிளாஸ் வேண்டும் என்று அடம்பிடித்தால், ஏஎஸ்எம்எக்ஸுக்கு அடுத்து வந்த சர்வீஸ் முறையான டபிள்யூசிஎஃப்புக்கு மாறுங்கள். கிளாஸ்களைத் தனி டிஎல்எல்லில் வைத்து இரண்டு பக்கமும் சேர்த்து, சர்வீஸ் ரெஃபரன்ஸ் போடும்போது 'ரீயூஸ் டைப்ஸ்' பெட்டியில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு முனையும் நம் கையில் இருந்தால்தான் இது சரிப்படும்.

கிளையன்ட்டுக்கு முகவரி கொடுக்கும் முன் நேம்ஸ்பேஸில் தானாக வந்து உட்கார்ந்திருக்கும் தற்காலிகப் பெயரான டெம்புரி.ஆர்க்கை மாற்றிவிடுங்கள். பிறகு மாற்றினால் பழைய கிளையன்ட் எல்லாம் படுத்துவிடும். என் சர்வீஸில் அது இன்னும் அப்படியேதான் இருக்கிறது.