மருவுக்கு மருந்து: கேட்க மறக்கும் கேள்விகள்

போன வாரம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன், "மருவுக்கு ஏதாவது கொடுங்க" என்று வந்தவரிடம் பாட்டிலை எடுத்து நீட்டிவிட்டான். அரை நிமிடம்கூட ஆகவில்லை. வாசல் வரை போனவரை நான் திரும்பக் கூப்பிட்டு விசாரித்தேன். மருந்து அவருக்கு இல்லை, ஏழு வயது மகளுக்கு. மரு இருந்தது உதட்டோரம். முகத்தில் தடவவே கூடாத சாலிசிலிக் அமில மருந்து அது.

அந்தப் பையனை நான் திட்டவில்லை. அதே இடத்தில் நின்று இதைவிட மோசமான தவறை நானும் செய்திருக்கிறேன். துண்டைப் பகிராதீர்கள், மருவைக் கிள்ளாதீர்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

யாருக்கு என்று கேட்காதது, சொல்லாதது

கவுண்டரில் நிற்கத் தொடங்கிய முதல் வருடம். ஒருவர் வந்து, கால் ஆணிக்குப் பிளாஸ்டர் வேண்டும் என்றார். 40 சதவீத சாலிசிலிக் அமிலம் உள்ள பிளாஸ்டரைக் கொடுத்து, எப்படி ஒட்டுவது என்றும் சொல்லி அனுப்பினேன். கால் அவருடையது இல்லை, வீட்டில் இருக்கும் அம்மாவுடையது என்பது பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. அம்மாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை.

செல்போனில் படத்தைக் காட்டினார். பிளாஸ்டர் நகர்ந்து நல்ல தோலில் ஒட்டியிருந்தது. சுற்றிலும் ஊறி வெளுத்த தோல், நடுவில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு குழி, ஓரமெல்லாம் சிவப்பு. "வலிக்கவே இல்லைன்னு அம்மா சொன்னாங்க, அதான் அப்படியே விட்டுட்டோம்" என்றார்.

வலிக்காததுதான் ஆபத்து. மரு எது, நல்ல தோல் எது என்று அமிலத்துக்குத் தெரியாது. கெட்டித்த மேல்தோலை இளக்கி உரித்துக்கொண்டே போகும். மற்றவர்கள் எரிச்சல் வந்ததும் எடுத்துவிடுவார்கள். சர்க்கரையால் கால் மரத்துப்போனவருக்கு அந்த எரிச்சலே தெரியாது. ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் புண் லேசில் ஆறாது, கிருமியும் சேர்ந்துகொள்ளும். அந்த அம்மா நான்கு மாதம் கட்டுப் போட்ட காலோடு இருந்தார்.

சர்க்கரை உள்ளவர்கள் பயன்படுத்தக் கூடாது என்று அந்த அட்டையிலேயே அச்சிட்டிருந்தது. வாங்கியவர் படிக்கவில்லை, கொடுத்த நான் கேட்கவில்லை. இத்தனை வருடம் கழித்தும் அதை நினைத்தால் எரிச்சல் அடங்குவதில்லை.

அதனால் கடைக்காரர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: யாருக்கு, என்ன வயது, உடம்பில் எந்த இடம், சர்க்கரையோ கால் மரத்துப்போவதோ ரத்த ஓட்டக் குறைவோ உண்டா, கர்ப்பமா, நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறாரா. சர்க்கரை உள்ளவரின் காலுக்கு இந்த மருந்தே வேண்டாம், டாக்டரிடம்தான் போக வேண்டும். பிறப்புறுப்பில் வரும் மருவுக்கும் அப்படித்தான்.

எல்லாவற்றையும் ஆணி என்பது

பாதத்தில் கெட்டியாக எது வந்தாலும் நாம் 'கால் ஆணி' என்று சொல்லிவிடுகிறோம். ஆணி என்பது அழுத்தத்தாலும் உராய்வாலும் தடிக்கும் தோல். பாத மரு வைரஸால் வருவது, அடுத்தவருக்கும் தொற்றும். நேராக அழுத்தினால் வலிப்பது பெரும்பாலும் ஆணி. இரண்டு பக்கமும் பிடித்துக் கிள்ளினால் சுரீர் என்பது பெரும்பாலும் மரு. வெளிச்சத்தில் பாருங்கள், பாதத்தின் ரேகைகள் மருவின் மேல் ஓடாமல் விலகிப் போகும். உள்ளே கறுப்புப் புள்ளிகள் தெரியலாம். அவை வேர் இல்லை, ரத்தம் உறைந்த நுண்குழாய்கள். வேர் என்று நினைத்துத் தோண்டாதீர்கள். கூச்சப்படாமல் செருப்பைக் கழற்றிக் கடையில் காட்டுங்கள்.

மச்சத்தில் தடவுவது

கூடவே கூடாது. நிறமோ வடிவமோ மாறினால், ரத்தம் கசிந்தால் டாக்டரிடம் போங்கள்.

பிளேடால் சீவுவது

வேண்டாம்.

இரண்டு வாரத்தில் விட்டுவிடுவது

"போட்டுப் பார்த்தேன், கேட்கலை" என்று திரும்பி வருபவர்களில் பாதிப் பேர் பத்து நாள்கூடத் தடவியிருக்க மாட்டார்கள். 12 வாரம் வரை ஆகலாம். தினமும் வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்து, வெளுத்து நிற்கும் மேல்தோலை வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை நகம் தேய்க்கும் சொரசொரப்பான அட்டையால் லேசாகத் தேயுங்கள். அதே அட்டையைப் பிறகு நகத்துக்கு எடுக்கக் கூடாது. சுற்றியுள்ள தோலில் வாசலின் பூசி, மருவின் மேல் மட்டும் ஒரு சொட்டு மருந்து வைத்துக் காயவிடுங்கள். அப்புறம் எரிச்சல் தாங்கவில்லை என்றால் இரண்டு மூன்று நாள் விட்டுத் தொடரலாம். குழந்தைகளின் மரு பல நேரம் தானாகவே மறைந்துவிடும், வலி இல்லையென்றால் காத்திருப்பதும் சரிதான்.

பாட்டிலை அடுப்பருகே திறப்பது

இந்தத் திரவங்கள் பெரும்பாலும் சட்டென்று தீப்பிடிப்பவை.