மாம்பூவுக்கு எப்போது மருந்து, பழ ஈக்கு ஏன் மருந்து வேண்டாம்

மார்கழியில் பூ தலைகாட்டியதும் தோப்புக்குள் போய் ஒரு பூங்கொத்தைத் தட்டிப் பாருங்கள். அரிசி மணியைவிடச் சின்னதாக, ஆப்பு மாதிரி உடம்போடு பூச்சிகள் சடசடவென்று முகத்தில் வந்து மோதினால் அது தத்துப்பூச்சி. பூவின் சாற்றை உறிஞ்சிவிட்டு இலை மேல் தேன் மாதிரிப் பிசுபிசுப்பை விட்டுவிடும், அதன் மேல்தான் கரும்பூசணம் படரும். இலை கறுத்துப்போன பிறகுதான் பலருக்குப் பூச்சி வந்ததே தெரிகிறது.

முதல் தெளிப்பு பூங்கொத்து நீண்டு வரும்போது, மொட்டு விரிவதற்கு முன். இமிடாகுளோப்ரிட் என்ற பூச்சிமருந்து லிட்டர் தண்ணீருக்கு 0.3 மில்லி போதும். அதோடு நனையும் கந்தகம் 2 கிராம் சேர்த்தால் சாம்பல் நோய்க்கும் ஆயிற்று, ஆனால் கந்தகத்தை உச்சி வெயிலில் அடிக்காதீர்கள், கருகும். அடுத்தது பிஞ்சு மிளகு அளவுக்கு வந்த பிறகு, அப்போது மருந்தை மாற்றிக்கொள்ளுங்கள். நடுவில், பூ விரிந்து கிடக்கும்போது பம்பைத் தொடவே வேண்டாம். மாமரத்துக்கு மகரந்தம் சேர்ப்பதே பெரும்பாலும் ஈக்கள்தான். ஒரு வருஷம் கடைக்காரர் சொன்னார் என்று முழுப் பூவில் மூன்று மருந்தைக் கலந்து அடித்தேன், நீலம் ரக மரங்களில் பிஞ்சே நிற்கவில்லை. பனிதான் காரணம் என்று அவர் சொன்னார், அதே பனியில் பக்கத்துத் தோப்பு காய்த்துத் தொங்கியது.

கரும்பூசணத்துக்கு ஒரு மலிவான வழி. ஒரு கிலோ மைதாவை 5 லிட்டர் தண்ணீரில் காய்ச்சி, ஆறவைத்து, 20 லிட்டராக்கி நல்ல வெயில் நாளில் தெளிக்க வேண்டும். காய்ந்ததும் பசை செதில் செதிலாகக் கறுப்பையும் உரித்துக்கொண்டு விழும். மூட்டமான நாளில் செய்தால் வீண். தத்துப்பூச்சியை அடக்காமல் இதை மட்டும் செய்தால் கறுப்பு திரும்ப வரும்.

இனி பழ ஈ. நம் ஊர்ப் பெங்களூரா, நீலம் தோப்புகளில் கோடை மழை விழுந்ததும் இது பெருகிவிடும். தோலில் ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி, சுற்றிலும் மெத்தென்று இருக்கும். அறுத்துப் பார்த்தால் சதைக்குள் வெள்ளைப் புழுக்கள், சில வளைந்து துள்ளும். புழு உள்ளே இருப்பதால் வெளியே அடிக்கும் மருந்து அதைத் தொடாது. மாங்கூழ் ஆலைக்குப் போகிற காய்தானே என்று நினைக்க வேண்டாம், அங்கேயும் புழுக்காயைக் கழித்துவிடுவார்கள்.

செய்ய வேண்டியது இரண்டு. அறுவடைக்கு 2 மாதம் முன்பே மெத்தில் யூஜினால் என்ற வாசனைப் பொருள் வைத்த பொறி, ஏக்கருக்கு 8 முதல் 10 வரை, தலை உயரத்தில் நிழலான கிளையில் கட்டுங்கள். இதில் ஆண் ஈதான் விழும், துணையில்லாத பெண் ஈயின் முட்டை பொரிக்காது. உங்கள் தோப்பில் மட்டும் கட்டினால் பாதிப் பலன்தான், பக்கத்துக்காரரையும் பேசிச் சம்மதிக்க வையுங்கள்.

இரண்டாவது, உதிர்ந்த காய். இதைத்தான் யாரும் செய்வதில்லை. பொறுக்கி வரப்போரம் குவித்தால் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, ஈயாகத் திரும்பி வரும். இரண்டு அடிக் குழியில் புதையுங்கள், இல்லாவிட்டால் கெட்டியான பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் போடுங்கள். தோப்பைக் குத்தகைக்கு விடுகிறவர்கள் விலை பேசும்போதே இதையும் பேசிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் குத்தகைக்காரர் ஆனியோடு போய்விடுவார், ஈ உங்கள் மண்ணில்தான் இருக்கும்.

அறுவடை முடிந்ததும் லேசாக ஒரு உழவு, அப்புறம் கவாத்து. நடுக்கிளை இரண்டை எடுத்து வெயில் உள்ளே விழ வைத்தால் தத்துப்பூச்சிக்கு ஒளிய இடம் குறையும். அப்படியே அடிமரத்தையும் பாருங்கள். மரத்தூள் கொட்டிக் கிடந்தால் மேலே துளை இருக்கும், உள்ளே தண்டுத் துளைப்பான் புழு. சைக்கிள் ஸ்போக் கம்பியின் நுனியை வளைத்து உள்ளே விட்டு இழுத்தால், சுண்டுவிரல் தடிமனில் வெள்ளையாக நெளிந்துகொண்டு வரும். எடுத்ததும் துளையைக் களிமண்ணால் அடைத்துவிட்டு, பத்து நாள் கழித்துப் புதுத் தூள் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.