ஈயத் தாதுவைச் சின்டர் செய்வது: காற்றுக்கு வழி விட்டால் பாதி வேலை முடிந்தது

கடலூர் சிப்காட்டில் பயிற்சி முடித்துவிட்டு, ராஜஸ்தான் பக்கம் ஈய உலை வேலைக்குப் போக நினைக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். ஜாவர், ராம்பூரா அகுச்சா சுரங்கங்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன.

கலீனா, அதாவது ஈயமும் கந்தகமும் சேர்ந்த தாதுவை அரைத்து, மிதக்கவிட்டுப் பிரித்தால் நைஸான தூள் கிடைக்கும். அதை அப்படியே ஊதுலையில் கொட்டினால் கொஞ்சம் பறந்துவிடும், மிச்சம் காற்றை அடைத்துக்கொள்ளும். அதனால் முதலில் கந்தகத்தை எரித்து வெளியேற்றி, தூளைத் துளைகள் உள்ள கெட்டிக் கட்டிகளாக்க வேண்டும். அதற்குப் பெயர்தான் சின்டரிங். பற்றவைத்த பிறகு கந்தகமே எரிபொருளாகிவிடும்.

முதலில் கலவைக் கணக்கு. கலவையில் கந்தகம் 5 முதல் 7 சதவீதம் வரை இருக்கட்டும். தூளிலோ 18 சதவீதம் இருக்கிறது என்று வையுங்கள். ஏற்கெனவே சின்டர் ஆகி, 6 மில்லிமீட்டருக்குள் நொறுக்கித் திரும்பக் கலக்கும் ரிட்டர்னில் 1.5 சதவீதம்தான். 1 டன் தூளுக்கு 2 டன் ரிட்டர்ன் சேர்த்தால் 180 + 30 = 210 கிலோ; 3 டன்னில் அது 7 சதவீதம். சுண்ணாம்புக்கல்லும் மணலும் சேரும்போது இன்னும் இறங்கும். கந்தகம் கூடிப்போனால் சூடு எகிறும். ஈய ஆக்சைடு 888 டிகிரியிலேயே உருகிவிடுமே! உருகியது துளைகளை அடைத்துவிட்டால் உள்ளே இருக்கும் கந்தகம் எரியவே எரியாது. ரொம்பக் குறைந்தால் நெருப்பு பாதியில் அணைந்துவிடும்.

அப்புறம் ஈரம். என்னைக் கேட்டால் இதுதான் உயிர்நாடி. டிரம்மில் சுழலும்போது தண்ணீரைத் தெளித்தால் நுண்தூள் ரிட்டர்ன் துகள்மேல் ஒட்டிக்கொண்டு சிறு உருண்டைகளாகும். கையுறை போட்டுக்கொண்டு ஒரு பிடி எடுத்துப் பாருங்கள். புட்டு மாவுப் பதம்தான்: பிடித்தால் பிடிபட வேண்டும், அழுத்தினால் உதிர வேண்டும். பெல்ட் ஓடும்போது கையை உள்ளே விடவே கூடாது. முகக்கவசம் கட்டாயம். கை, முகம் கழுவாமல் டீ குடிக்கப் போகாதீர்கள். ஈயம் உடம்பில் சேர்ந்தால் எளிதில் போகாது.

விரிப்பது, பற்றவைப்பது. காற்று புகும்படி கம்பிகள் அடுக்கிய, நகரும் தட்டுதான் கிரேட்; அதன்மேல் அடியில் சுமார் 3 சென்டிமீட்டருக்கு மெல்லிய அடுக்கு. பர்னருக்குக் கீழே போகும்போது காற்றைக் கீழ்நோக்கி இழுத்து அதைப் பற்றவைப்பார்கள். அதன்மேல் 25, 30 சென்டிமீட்டர் கனத்துக்கு முக்கிய அடுக்கு. இனி காற்று கீழிருந்து மேலே. முன்பு கடைசிவரை கீழ்நோக்கியே இழுத்தார்கள். உருகிய ஈயம் கிரேட்டுக்கு அடியில் உள்ள காற்றுப்பெட்டிக்குள் இறங்கித் தொல்லை கொடுத்தது. விரிக்கும்போது அழுத்தாதீர்கள், மட்டமாக இருந்தால் போதும்.

கடைசியில் கட்டியை உடைத்துப் பாருங்கள். முறிந்த முகம் முழுக்கத் துளைகளோடு கெட்டியாக இருந்தால் சரி. கண்ணாடி போல மினுங்கினால் கந்தகம் அதிகம், ரிட்டர்னைக் கூட்டுங்கள். எரியாத சாம்பல் நிறத் தூள் எல்லா இடத்திலும் தெரிந்தால் ஈரத்தைப் பாருங்கள். ஒரே ஓரத்தில் மட்டும் தெரிந்தால் கலவையில் கை வைக்காதீர்கள்; அந்தப் பக்கத்துக் கிரேட் கம்பிகள் அடைத்திருக்கலாம், இல்லாவிட்டால் அங்கே அடுக்கு தடித்து விழுந்திருக்கும்.