முதலில் காற்று, அப்புறம் ஸ்பிரிங், கடைசியில்தான் சீட்

மூன்று சக்கர பைக்கில் நானும் மனைவியும் முதல்முறையாக நெடுந்தூரம் போய்த் திரும்பிய அன்று, அவள் இறங்கியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் அப்படியே நின்றாள். பிறகு சொன்னாள்: "ஏங்க, நீங்க ஓட்டிக்கிட்டு வந்தீங்க. நான் குதிச்சுக்கிட்டு வந்தேன்."

எனக்குத் தொழில் தையல். அதனால் தப்பு சீட்டில்தான் இருக்கும் என்று உடனே முடிவு கட்டிவிட்டேன். 50 மி.மீ கனத்தில் மெத்தென்ற பஞ்சு வாங்கி, பழைய சீட்டின் மேலேயே வைத்து, அழகாக உறை தைத்துப் போட்டேன். கடையில் உட்கார்ந்து பார்த்தபோது சோபா மாதிரி இருந்தது. சாலையில் இறங்கினால் முன்பைவிட மோசம். ஒவ்வொரு பள்ளத்திலும் முதலில் அமுங்கி, அடியில் இடித்து, பிறகு மேலே தூக்கிப் போட்டது.

ஏன் என்று பிறகுதான் புரிந்தது. உட்கார்ந்திருக்கும் மனித உடல், நொடிக்கு 4 முதல் 8 முறை வரை மேலும் கீழும் ஆடும் அதிர்வைத்தான் மிக மோசமாக உணரும். கனமான மெத்தைப் பஞ்சின் மேல் ஒரு ஆள் உட்கார்ந்தால், அந்த ஆளும் பஞ்சும் சேர்ந்து ஆடும் வேகமும் ஏறத்தாழ 4-ஐ ஒட்டியே வரும். கீழே சஸ்பென்ஷன் சரியில்லாமல் குலுக்கும்போது மேலே மெத்தை போட்டால், அது குலுக்கலைக் குறைக்காது, ஊஞ்சலைத் தள்ளிவிடுவதுபோல் கூட்டிக் கொடுக்கும். ஆகவே வேலையைக் கீழிருந்து மேலே செய்யுங்கள். நான் தலைகீழாகச் செய்து ஒரு சீட்டைப் பாழாக்கினேன்.

என்னுடையது முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று, வளைவில் சாயாத வகை. கான்-ஆம் ஸ்பைடர் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது பெரும்பாலும் அப்படியே பொருந்தும். ஹார்லியின் டிரை கிளைடு மாதிரி பின்னால் இரண்டு சக்கரம் உள்ளவற்றுக்கு சீட் பகுதி முழுக்கப் பொருந்தும், அளக்கும் முறையும் அதேதான். யமஹா நிக்கென், பியாஜியோ எம்பி3 போன்ற சாயும் வண்டிகளின் முன்பக்க அமைப்பே வேறு. அதில் நான் கை வைத்ததில்லை.

இரண்டு சக்கர வண்டி ஓட்டிப் பழகியவர்கள் மறந்துவிடும் ஒரு விஷயம் உண்டு. இந்த வண்டி சாலையில் மூன்று தடம் போடும். பைக்கில் பள்ளத்தை ஒதுக்கிவிடலாம், காரில் நடுவே விட்டுத் தாண்டலாம். இதில் முன்சக்கரங்களுக்கு நடுவே தப்பிய பள்ளத்தைப் பின்சக்கரம் போய்ப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பின்சக்கரத்துக்கு மேலேயே உட்கார்ந்திருப்பவர் பின்னால் இருப்பவர். மனைவி குதித்த கணக்கு இப்போது விளங்குகிறதா?

காற்றிலிருந்து தொடங்குங்கள். டயர் பார்க்கக் கார் டயர் மாதிரி அகலமாக இருப்பதால், காற்று பிடிக்கும் இடத்தில் கார் கணக்கில் 30, 32 என்று ஏற்றிவிடுவார்கள். வண்டியின் எடையோ காரில் பாதிகூடக் கிடையாது. என் வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரின்படி முன்னால் 18 பி.எஸ்.ஐ, பின்னால் 28. நான் எட்டு மாதம் முன்னால் 30 வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். உங்கள் வண்டிக்கு உரிய அளவை உங்கள் வண்டியிலேயே பார்த்து, டயர் சூடாவதற்கு முன் அளந்து வையுங்கள். பாதிப் பேருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும் என்று சொல்ல ஆசைதான். ஆனால் பின்னால் ஆள் ஏற்றுபவர்களுக்கு முடியாது.

அடுத்து ஆட்டம் பார்ப்பது. சட்டகத்துக்குக் கீழே ஜாக் கொடுத்துத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்திய பிறகு (ஜாக்கை மட்டும் நம்பி அடியில் கை விடாதீர்கள்) ஒவ்வொரு முன்சக்கரத்தையும் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். பால் ஜாயின்ட்டிலோ (சக்கரத்தைத் தாங்கும் கையின் முனையிலுள்ள குண்டு மூட்டு) புஷ்ஷிலோ (மூட்டுக்குள் இருக்கும் ரப்பர் உருளை) 'டக்' என்று சத்தம் வந்தால் அதை முதலில் மாற்றுங்கள். தேய்ந்த புஷ்ஷை வைத்துக்கொண்டு புது ஷாக் (ஸ்பிரிங்கோடு சேர்ந்து குலுக்கலை அடக்கும் ஷாக் அப்சார்பர்) போடுவது, கிழிந்த துணிக்குப் பட்டுநூல் கோப்பது மாதிரி.

இப்போது அளப்பது. இதற்கு ஒரு டேப், ஒரு பென்சில், கூட ஒரு ஆள் போதும். சக்கரம் தொங்கும்படி வண்டியைத் தூக்கி, அச்சிலிருந்து நேர் மேலே வண்டியின் உடலில் ஒரு புள்ளி வரை அளந்து குறியுங்கள். இறக்கி, வண்டி தன் எடையில் நிற்கும்போது அளங்கள். பிறகு ஆள் ஏறி, வழக்கமாக உட்கார்வதுபோல் உட்கார்ந்து மறுபடி அளங்கள். முதல் அளவுக்கும் கடைசி அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் இறக்கம். சக்கரத்துக்கு உள்ள மொத்த ஓட்டத்தில் (மேலும் கீழும் நகரக்கூடிய தூரத்தில்) அது 30 சதவீதத்தை ஒட்டி, அதிகம் போனால் மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும்.

என் வண்டியில் முன்னும் பின்னும் ஓட்டம் 150 மி.மீ. நான் 71 கிலோ. தனியாக உட்கார்ந்தபோது பின்னால் 45 இறங்கியது, சரியான அளவு. மனைவியும் பெட்டியில் சாமான்களும் சேர்ந்ததும் 78. பாதி ஓட்டம் நின்ற இடத்திலேயே போய்விட்டது! மிச்சமிருந்ததை ஒரு வேகத்தடை சாப்பிட்டுவிடும். முன்னால் தனியாளுக்கே 60 இறங்கியது, அதனால் பிரேக் பிடித்தால் மூக்கு குனிந்தது.

இதைப் பார்த்ததும் பலர் செய்வது, ஷாக்கில் உள்ள வளையத்தைத் திருகி ஸ்பிரிங்கை இறுக்குவது. அதனால் ஸ்பிரிங் விறைப்பாகாது, வண்டி உயரும், அவ்வளவே. ஒரு மி.மீ அமுக்கத் தேவையான பலம் முன்பு எவ்வளவோ அவ்வளவேதான் இப்போதும். ஸ்பிரிங் உங்களுக்குப் பொருந்துமா என்று அறிய ஒரு சோதனை இருக்கிறது. ஆளோடு இறக்கம் 30 சதவீதம் வரும்படி திருகி வையுங்கள். பிறகு இறங்கிவிட்டு, வண்டி மட்டும் எவ்வளவு இறங்கி நிற்கிறது என்று பாருங்கள். ஏறத்தாழ ஒன்றுமே இறங்காமல் உச்சியில் முட்டி நின்றால், உங்கள் எடைக்கு ஸ்பிரிங் மெலிது. மிக அதிகமாக இறங்கி நின்றால் ஸ்பிரிங் தடிமன். எனக்கு முன்னும் பின்னும் முட்டியது. ஆக, ஸ்பிரிங்கை மாற்றியே தீர வேண்டும்.

வாங்கும்போது உங்கள் எடை, பின்னால் உட்காருபவரின் எடை, சாமான் எடை மூன்றையும் உண்மையாகச் சொல்லுங்கள். (நான் மனைவியின் எடையைக் குறைத்துச் சொல்லி, கடைசி நிமிடத்தில் திருத்தினேன்.) முன்பக்கம் கூடுதல் கவனம் வேண்டும். அங்கே ஷாக், சக்கரத்தைத் தாங்கும் கையின் நடுவில் சாய்வாக மாட்டியிருக்கும். சக்கரம் 2 மி.மீ ஏறினால் ஷாக் ஒன்றை ஒட்டித்தான் அமுங்கும். அதனால் ஸ்பிரிங்கில் 5 மி.மீ திருகினால் வண்டி 10 உயரும். சக்கரத்தில் உணரும் விறைப்பு அந்த விகிதத்தின் வர்க்கமாகக் குறையும், பாதி என்றால் கால் பங்கு. இன்னொருவர் வண்டியின் ஸ்பிரிங் எண்ணை அப்படியே உங்களுக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முடிந்தால் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றாமல், அமுங்கிய பின் மேலே திரும்பும் வேகத்தைத் திருகி அமைக்கக்கூடிய ஷாக்காகவே மாற்றுங்கள். விறைப்பான ஸ்பிரிங் வேகமாக உதைத்துத் திரும்பும், பழைய ஷாக்கால் அதைப் பிடிக்க முடியாது. ஸ்பிரிங்கை மட்டும் மாற்றுவதானால், கழற்றுவதை அதற்கான கருவி உள்ளவரிடம் விடுங்கள். அமுக்கிய ஸ்பிரிங் நழுவினால் விரல் போகும்.

மாட்டும்போது எல்லோரும் தவறவிடுவது ஒன்று. ரப்பர் புஷ் உள்ள போல்ட்டை, சக்கரம் தொங்கும்போது முழுக்க முறுக்காதீர்கள். கையால் பொருத்தி, வண்டியைத் தரையில் இறக்கி, அது தன் எடையில் நிற்கும்போதுதான் டார்க் ரெஞ்ச் (முறுக்கும் பலத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) வைத்துக் கடைசி முறுக்கு. தொங்கும்போதே முறுக்கினால், இறக்கியதும் ரப்பர் திருகியபடியே நின்று சீக்கிரம் கிழியும். பிரேக் குழாயும் சக்கர சென்சார் ஒயரும் சக்கரம் முழுக்கத் தொங்கும்போது இழுபடாமல் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். உயரம் மாறினால் முன்சக்கரங்கள் நிற்கும் கோணமும் மாறும். அலைன்மெண்ட் பார்த்த பிறகே வேகம். ஹெட்லைட்டையும் இறக்கி ஏற்றிச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

முன்னால் இரு சக்கரங்களையும் இணைக்கும் கம்பியைத் தடிமனாக்கினால் வளைவில் வண்டியின் உடல் வெளிப்பக்கமாகச் சாய்வது குறையும். ஆனால் ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் அந்த உதை அடுத்த பக்கத்துக்கும் போகும், தலை இடவலமாக ஆடும். ஸ்பிரிங் மாற்றியதும் சாய்வு எனக்குப் போதிய அளவு குறைந்துவிட்டதால், கம்பியில் கை வைக்கவில்லை.

திரும்பும் வேகத்தை அமைக்க, திருகை வலப்பக்கம் மெதுவாக முட்டும்வரை திருப்பி, எத்தனை 'கிளிக்' என்று எண்ணி எழுதிவிட்டு, பழைய இடத்துக்கே கொண்டுவாருங்கள். சீட்டை அமுக்கி விட்டால் ஒருமுறை எழும்பி அடங்க வேண்டும், இரண்டாவது ஆட்டம் கூடாது. ஒரு நேரத்தில் 2 கிளிக், அதற்கு மேல் வேண்டாம். அளவுக்கு மீறி மெதுவாக்கினால், அடுத்தடுத்து பள்ளம் வரும்போது ஷாக் எழ நேரமில்லாமல் கீழேயே தங்கிவிடும். அப்போது விறைப்பாகத் தோன்றும், ஸ்பிரிங்கைக் குறை சொல்வீர்கள். ஷாக் தண்டில் ஒரு கேபிள் டை கட்டுங்கள். வழக்கமான பாதையில் போய்வந்தால், தண்டு எவ்வளவு தூரம் உள்ளே போனது என்று அது தள்ளப்பட்ட இடமே காட்டும். மிக மோசமான பள்ளத்திலும் 10 மி.மீ மிச்சமிருக்கட்டும்.

இதெல்லாம் முடிந்த பிறகு, பழைய சீட்டிலேயே ஒரு வாரம் ஓட்டுங்கள். எங்கே வலிக்கிறது என்று அப்போதுதான் உண்மையாகத் தெரியும்.

இனி என் தொழில். கடின பெஞ்சின் மேல் நெளிநெளியான அட்டையை வைத்து, முழங்காலைச் சற்று உயர்த்தி உட்கார்ந்து எழுந்திருங்கள். இரண்டு குழி தெரியும். அவைதான் உட்காரும் எலும்புகள். நடுவிலிருந்து நடுவுக்கு எனக்கு 118 மி.மீ, மனைவிக்கு 132. சீட்டின் தட்டையான பகுதி இந்த இரண்டு குழிகளையும் தாங்க வேண்டும். என் சீட்டோ நடுவில் மேடாக, இருபுறமும் சரிவாக இருந்தது. எடையெல்லாம் எலும்பில் இறங்காமல் நடுத்தசையில் இறங்கியதால் மரத்துப்போனது.

பஞ்சு கடையில் அடர்த்தியை மட்டும் கேட்காதீர்கள். அடர்த்தி, பஞ்சு எத்தனை நாள் உழைக்கும் என்பதைச் சொல்லும். கடினம் என்பது வேறு, கட்டைவிரலால் அமுக்கித்தான் பார்க்க வேண்டும். அடியில் துண்டுகளை ஒட்டிச் செய்த ரீபாண்டட் பஞ்சு, மேலே 20 மி.மீ மட்டும் மென்மையானது, இதுதான் நான் போட்டது. மெமரி ஃபோம் குளிரில் கல்லாகும். ஜெல் வெயிலில் நின்றால் சுடும்.

உறையைப் பிடித்திருக்கும் ஸ்டேபிள் பின்களைத் தட்டையான திருப்புளியால் நெம்பி எடுங்கள், பழைய உறையைக் கிழிக்காதீர்கள். அதுவே உங்கள் அளவு மாதிரி. நடுமேட்டைச் சீவித் தட்டையாக்கி, ஓட்டுநர் முன்னோக்கி வழுக்காதபடி சரிவைச் சமமாக்கினேன். வால் எலும்புக்குக் கீழே 40 மி.மீ அகலத்தில் ஒரு வாய்க்கால். இடுப்பின் இருபுறமும் 25 மி.மீ உயரத்தில் கரை. இந்தக் கரை பைக் சீட்டுக்குத் தேவையில்லை. பைக் சாய்வதால் உடலின் எடை நேராகச் சீட்டுக்குள்ளேயே இறங்கும். இது சாயாது, வளைவில் உடலை வெளியே தள்ளும், நாம் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு சமாளிப்போம். அதுதான் தோள்வலி. கரை போட்ட பிறகு என் பிடி தளர்ந்தது. சீவிய இடங்களை 40 நம்பர் உப்புத்தாளால் தேய்த்தால் வழவழப்பாகும்.

உடனே உறை தைக்காதீர்கள். பிளாஸ்டிக் தாள் சுற்றி, பழைய பனியனைக் கட்டி, இரண்டு மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். எங்கள் வீட்டில் பின்சீட்டை மூன்று முறை சீவினேன். மூன்றாவது முறைதான் அவள் ஒன்றும் சொல்லாமல் இறங்கினாள்.

உறைக்கு நாலாபக்கமும் இழுபடும் ரெக்ஸின். இழுபடாத துணியை விறைப்பாக இழுத்தால் தொட்டில்போல் நின்று, அடியிலுள்ள பஞ்சை வேலை செய்ய விடாது. உட்காரும் எலும்புக்குக் கீழே தையல் வரவே கூடாது. 18 நம்பர் ஊசி, பாலியஸ்டர் நூல் (நைலானைவிட வெயில் தாங்கும்), 4 மி.மீ தையல். நெருக்கித் தைத்தால் உறுதி என்று நினைப்பார்கள். ரெக்ஸினில் நெருங்கிய ஓட்டைகள் அஞ்சல்தலை ஓரம்போல் கிழியும். மாட்டுவதற்கு முன் வெயிலில் வைத்துச் சூடாக்கி, முன் நடு, பின் நடு, பிறகு பக்கங்கள் என்று பின் அடியுங்கள். துருப்பிடிக்காத 6 மி.மீ பின் போதும். நீளமானது அடித்தட்டைத் துளைத்து வெளியே வரும், எங்கே குத்தும் என்று சொல்ல வேண்டியதில்லை.

முதல் சில நூறு கிலோமீட்டரில் பஞ்சு சற்று அமுங்கி உறை தளரும். அதனால் பின்பக்கம் ஒரு சாண் மடிப்பை வெட்டாமல் விட்டு வையுங்கள். அந்தப் பின்களை மட்டும் எடுத்து மறுபடி இழுத்து அடிக்கலாம். அதே நாளில் ஷாக் போல்ட்டுகளின் முறுக்கையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.