காலேஜ் ஃபுட்பால்: எந்த மரபை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதில் ரசிகர்கள் செய்யும் தவறுகள்

2022 அக்டோபர் 15. டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில் நகரம். அலபாமாவிடம் வரிசையாக 15 ஆட்டங்கள் தோற்றிருந்த டென்னசி அணி, கடைசி நொடியில் உதைத்த பந்தால் 52–49 என்று ஜெயித்தது. கேலரி காலியானது, புல்தரை நிரம்பியது. கோல் போஸ்ட்டைப் பிடுங்கி, தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஊர்வலமாகப் போய், பக்கத்தில் ஓடும் டென்னசி ஆற்றில் போட்டார்கள். அந்த வீடியோவைப் பார்த்தபோது எனக்கும் உடம்பு சிலிர்த்தது. பதினைந்து வருடம் அடக்கிவைத்த சந்தோஷம் அது.

2005 அக்டோபரில் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் மோரிஸ் வளாகத்திலும் மாணவர்கள் இதே ஆசையோடுதான் கோல் போஸ்ட்டைச் சாய்த்தார்கள். அது விழுந்ததில் ஒரு மாணவர் இறந்துபோனார்.

இரண்டு இடத்திலும் ஒரே மரபு. முதல் காட்சியை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு ‘இதில் என்ன தப்பு’ என்று கேட்பவர்களும் உண்டு. இரண்டாவதை மட்டும் வைத்துக்கொண்டு ‘எல்லாவற்றையும் நிறுத்து’ என்பவர்களும் உண்டு. மேற்படிப்புக்காக அமெரிக்கா வந்து, சனிக்கிழமை தவறாமல் மாணவர் கேலரியில் நின்று தொண்டை கட்டிப்போகக் கத்தியவன் நான். இந்த ஆட்டமும் அதைச் சுற்றிய சடங்குகளும்தான் தெரியாத ஒரு ஊரை எனக்குச் சொந்த ஊராக்கின. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. இது கையில் பந்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பால். கல்லூரிகளுக்கு இடையிலான முதல் ஆட்டம் 1869 நவம்பர் 6 அன்று ரட்கர்ஸுக்கும் பிரின்ஸ்டனுக்கும் நடந்தது. இன்று மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் மட்டும் 1,07,601 பேர் உட்காரலாம். அத்தனை பேரும் சேர்ந்து ஒன்றைச் செய்யும்போது அது வெறும் வேடிக்கையாக இருப்பதில்லை. யாரையாவது தூக்கி நிறுத்தும், இல்லையென்றால் யார் மேலாவது விழும்.

பழசு என்பதே போதும் என்று நினைப்பது

‘தாத்தா காலத்திலிருந்து நடக்கிறது’ என்பதுதான் முதலில் வரும் வாதம். ஆனால் இன்று நாடே கொண்டாடும் மரபுகள் பலவற்றுக்கு வயது மிகக் குறைவு. அயோவா பல்கலைக்கழகத்தின் கின்னிக் மைதானத்தை ஒட்டி ஒரு குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. முதல் குவார்ட்டர் (கால் பங்கு ஆட்டம்) முடிந்ததும் மைதானம் முழுக்க அந்தக் கட்டடத்தைப் பார்த்துத் திரும்பிக் கையசைக்கும். மேல்மாடிக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சிகிச்சையில் இருக்கும் குழந்தைகள் பதிலுக்குக் கையசைப்பார்கள். வந்திருக்கும் எதிரணி வீரர்களும் ரெஃப்ரிகளும்கூடச் சேர்ந்துகொள்வார்கள். இது தொடங்கியது 2017-ல்தான். ஒரு ரசிகர் ஃபேஸ்புக்கில் சொன்ன யோசனை அந்த சீசனிலேயே வழக்கமாகிவிட்டது.

விஸ்கான்சினில் மூன்றாவது குவார்ட்டர் முடிந்ததும் ஒரு ராப் பாட்டுக்கு மொத்த கேலரியும் குதிக்கும் வழக்கம் 1998-ல் வந்தது. 2003-ல் மைதானத்தைப் புதுப்பித்துக் கட்டியபோது, இந்தக் குதிப்பைக் கட்டடம் தாங்குமா என்ற சந்தேகத்தில் நிர்வாகம் பாட்டை நிறுத்தியது. மாணவர்கள் கொதித்துப்போனார்கள். பொறியாளர்கள் பார்த்து, தாங்கும் என்று சொன்ன பிறகு பாட்டு திரும்பி வந்தது. எனக்கு மிகவும் பிடித்த கதை இது. சந்தேகம் வந்தது, தெரிந்தவர்களிடம் கேட்டார்கள், பதில் வந்ததும் அதன்படி நடந்தார்கள். அதற்குப் பத்து வருடம் முன்பு, 1993 அக்டோபர் 30 அன்று, அதே மைதானத்தில் மிச்சிகனை வென்ற குஷியில் மாணவர்கள் புல்தரையை நோக்கி முண்டியடித்தார்கள். கம்பித் தடுப்புகளில் நசுங்கி எழுபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். நெரிசலுக்குள்ளிருந்து ரசிகர்களை இழுத்துக் காப்பாற்றியவர்களில் அன்று ஆடிய வீரர்களும் இருந்தார்கள். அந்த ஊருக்குச் சந்தேகம் வந்ததில் ஆச்சரியம் இல்லை.

ஒன்றை விட்டால் எல்லாமே போய்விடும் என்று பயப்படுவது

இந்தப் பயத்துக்கு டெக்சஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தைவிட நல்ல பதில் வேறு எங்கும் கிடையாது.

அங்கே ஒவ்வொரு வருடமும் டெக்சஸ் பல்கலைக்கழகத்தோடு மோதும் ஆட்டத்துக்கு முன்னால் மாணவர்களே மரம் வெட்டி, ஆயிரக்கணக்கான கட்டைகளை அடுக்கி, பிரம்மாண்டமான சொக்கப்பனை கொளுத்துவார்கள். ‘பான்ஃபயர்’ என்பார்கள். அந்தக் கல்லூரியின் உயிரே அதில்தான் இருக்கிறது என்று சொன்ன தலைமுறைகள் உண்டு. 1999 நவம்பர் 18 விடியற்காலை 2:42 மணிக்கு, கட்டிக்கொண்டிருந்தபோதே அடுக்கு சரிந்தது. 12 பேர் இறந்தார்கள். 27 பேர் காயமடைந்தார்கள். அதன் பிறகு பல்கலைக்கழகம் தன் வளாகத்தில் பான்ஃபயர் நடத்தவில்லை. இடையில் நின்றுபோயிருந்த டெக்சஸ் ஆட்டம் மறுபடி தொடங்கவிருந்த 2024-ல், இதையும் மீட்டெடுக்கலாம் என்ற பேச்சு எழுந்தது. பல்கலைக்கழகத்தின் அப்போதைய தலைவர் மார்க் வெல்ஷ் வேண்டாம் என்று முடிவெடுத்தார். மாணவர்களில் ஒரு பகுதியினர் வளாகத்துக்கு வெளியே இன்றும் சொந்தமாக நடத்துகிறார்கள். அந்த ஏக்கம் எனக்குப் புரிகிறது. வெல்ஷ் எடுத்த முடிவுதான் சரி என்பது என் எண்ணம்.

பான்ஃபயர் போனதால் அந்தக் கல்லூரி கேலரியின் உயிர் போய்விட்டதா? போய்ப் பாருங்கள். ஆட்டம் முழுக்க மாணவர்கள் உட்காரவே மாட்டார்கள். 1922 ஜனவரி 2 அன்று சென்டர் கல்லூரியோடு நடந்த ஆட்டத்தில் அடிபட்டு அடிபட்டு ஆட்கள் குறைந்துகொண்டே போக, கோச், இ. கிங் கில் என்ற மாணவரைக் கேலரியிலிருந்து கூப்பிட்டார். அவர் சீருடை மாட்டிக்கொண்டு கடைசிவரை எல்லைக்கோட்டருகே தயாராக நின்றார். இறங்கி ஆடவே இல்லை. அப்படி நின்றதற்குத்தான் ‘பன்னிரண்டாவது ஆள்’ என்று பெயர். ‘கூப்பிட்டால் நானும் வருவேன்’ என்று சொல்லத்தான் இன்றைய மாணவர்களும் நிற்கிறார்கள். கால் வலியைத் தவிர இதற்குச் செலவு கிடையாது. யாருக்கும் இதனால் இழப்பும் இல்லை. பான்ஃபயரில் இறந்தவர்களுக்காக ஒவ்வொரு நவம்பர் 18-லும் அதே 2:42 மணிக்கு நினைவிடத்தில் கூடுவதும் இப்போது ஒரு மரபுதான்.

மற்ற ஊர்களிலும் இப்படித்தான். நெப்ராஸ்காவில் அணியின் முதல் டச் டவுனுக்கு (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்ப்பது) ஆயிரக்கணக்கான சிவப்பு பலூன்களை வானத்தில் விடுவார்கள். 2022-ல் ஹீலியம் தட்டுப்பாடு வந்தபோது, மருத்துவத் தேவைக்கு அது வேண்டும் என்று நிறுத்தினார்கள். கேலரி ஒன்றும் காலியாகிவிடவில்லை. ஆபர்ன் பல்கலைக்கழகம் ஜெயித்த இரவு, டூமர்ஸ் கார்னர் என்ற தெருமுனையில் இருக்கும் ஓக் மரங்கள் மேல் டாய்லெட் பேப்பர் சுருள்களை வீசி வெள்ளையாக்குவார்கள். 2010 கடைசியில் எதிரணி ரசிகர் ஒருவர் அந்த மரங்களின் வேரில் களைக்கொல்லி ஊற்றினார். 2013-ல் மரங்களை வெட்டவேண்டியதாயிற்று. 2015-ல் புது மரங்கள் நட்டார்கள். அவை வேர்பிடிக்கும்வரை பேப்பர் வீசாமல் ரசிகர்கள் பொறுத்திருந்தார்கள். அந்தப் பொறுமையைத்தான் நான் பக்தி என்பேன்.

யாரைப் பற்றிய சடங்கோ அவர்களைக் கேட்காமல் இருப்பது

மிகப் பெரிய தவறு இதுதான்.

இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1926 முதல் ஒரு மாணவர் இறகுக் கிரீடம் அணிந்து, ‘சீஃப் இல்லினிவெக்’ என்ற பெயரில் இடைவேளையில் நடனம் ஆடிவந்தார். அவர் போட்ட உடை லகோட்டா மக்களுடையது. இல்லினாய் பூர்வகுடிகளுக்கும் அந்த உடைக்கும் சம்பந்தமே இல்லை. மரியாதை செலுத்துகிறோம் என்றுதான் அத்தனை வருடமும் சொன்னார்கள். மரியாதை என்றால், யார் உடை என்பதாவது தெரிந்திருக்க வேண்டாமா? பூர்வகுடி மாணவர்கள் பல வருடம் போராடிய பிறகு 2007-ல் அது நின்றது.

ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நடப்பது வேறு. அந்த அணியின் பெயரே செமினோல்ஸ், ஒரு பூர்வகுடி இனத்தின் பெயர். ஆட்டம் தொடங்கும் முன் ஒரு மாணவர் செமினோல் தலைவர் ஒசியோலாவாக வேடமிட்டுக் குதிரையில் வந்து, எரியும் ஈட்டியை மைதானத்தின் நடுவில் குத்துவார். 1978-ல் இதைத் தொடங்கியபோது ஃப்ளோரிடாவின் செமினோல் மக்களிடம் கேட்டார்கள். உடையை வடிவமைத்துக் கொடுத்தவர்களும் அந்த இனத்துப் பெண்கள்தான். 2005-ல் கல்லூரி விளையாட்டுகளின் மேலமைப்பான என்.சி.ஏ.ஏ. பூர்வகுடிப் பெயர்களுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது, செமினோல் இனக்குழு மன்றம் தீர்மானம் போட்டுப் பல்கலைக்கழகத்துக்கு ஆதரவாக நின்றது. அதனால் விலக்கு கிடைத்தது. ஆனால் அதே கேலரியில் கையைக் கோடாரிபோல் வெட்டி வெட்டி எல்லோரும் ராகம் இழுப்பது 1980-களில் ரசிகர்களே உண்டாக்கியது, செமினோல் மக்கள் கொடுத்தது அல்ல. குதிரையையும் ஈட்டியையும் வைத்துக்கொண்டு கைக்கோடாரியை விட்டுவிடலாம் என்பேன் நான். அங்கே படித்தவர்கள் பலர் இதற்கு என்னோடு சண்டைக்கு வருவார்கள்.

ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் ‘கேட்டர் பெயிட்’ கோஷம் இன்னும் சிக்கலானது. முதலைக்கு இரை என்று பொருள். பல்கலைக்கழகத்தின் சின்னமே முதலை என்பதால் கேட்பவருக்குச் சாதாரணமாகத்தான் தோன்றும். ஆனால் கறுப்பினக் குழந்தைகளை முதலைக்கு இரையாகக் காட்டும் கேவலமான படங்கள் ஒரு காலத்தில் இந்த நாட்டில் புழங்கின, இதே சொற்களோடு. 2020 ஜூனில் அப்போதைய தலைவர் கென்ட் ஃபக்ஸ், நம் ஆட்டங்களில் இந்தக் கோஷத்துக்கும் இனவெறிக்கும் தொடர்பு இருந்ததாகத் தெரியவில்லை, ஆனாலும் அந்தச் சொற்களின் வரலாறு கொடியது என்று சொல்லி அதை நிறுத்தினார். அந்த வாசகத்தை 1990-களில் பிரபலமாக்கிய லாரன்ஸ் ரைட் கறுப்பின வீரர். நிறுத்தக் கூடாது என்று வெளிப்படையாகவே சொன்னார். இரண்டு பக்கமும் நேர்மையானவர்கள் நிற்கும்போது நான் பார்ப்பது, விட்டால் நமக்கு என்ன குறையும் என்பதைத்தான். குறையப்போவது இரண்டு சொல்தான். கேலரியில் நிற்கும் ஒரு கறுப்பினத் தகப்பனுக்கு அந்தப் படங்களின் நினைவு வராமல் இருப்பது அதைவிடப் பெரிது.

எதிரணியின் மதத்தைத் திட்டும் கோஷத்தை மரபு என்று யாரும் சொல்லவே கூடாது. மார்மன் மதத்தைச் சேர்ந்த பிரிகம் யங் பல்கலைக்கழக அணி ஆட வரும் ஊர்களில் இது நடந்திருக்கிறது. 2025-ல் கொலராடோ பல்கலைக்கழகம் இதற்காக 50,000 டாலர் அபராதம் கட்டியது.

வாயில்லா ஜீவன்

எல்.எஸ்.யு. (லூயிசியானா ஸ்டேட்) பல்கலைக்கழகத்தின் சின்னமான ‘மைக்’ ஒரு நிஜப் புலி. முன்பெல்லாம் கூண்டில் வைத்து மைதானத்துக்குள் உருட்டிக்கொண்டு வருவார்கள். 2017-ல் வந்த ஏழாவது மைக்கை இனி மைதானத்துக்குள் கொண்டுவருவதில்லை என்று பல்கலைக்கழகம் அறிவித்தது. ஆட்ட நாளில் ரசிகர்கள் அதன் இருப்பிடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். 2019 புத்தாண்டு நாளில் நடந்த சுகர் பவுல் ஆட்டத்துக்கு முன்பு, டெக்சஸின் காளை பெவோ தடுப்பை முட்டித் தள்ளிக்கொண்டு ஜார்ஜியாவின் புல்டாக் உகாவை நோக்கிப் பாய்ந்தது. படமெடுக்க நின்றவர்கள் மயிரிழையில் தப்பினார்கள். ஒரு லட்சம் பேர் கத்தும் இடத்தில் மிருகத்தை நிறுத்துவதில் மிருகத்துக்கு எந்தச் சந்தோஷமும் இல்லை.

புல்தரையில் இறங்குவது, எறிவது

நாக்ஸ்வில் இரவுக்கு வந்த அபராதம் 1 லட்சம் டாலர். டென்னசி ஆடும் எஸ்.இ.சி. கூட்டமைப்பு 2025-ல் அதை ஒவ்வொரு முறைக்கும் 5 லட்சம் ஆக்கிவிட்டது. பணம் எனக்கு முக்கியமில்லை. தோற்ற அணியின் பையன்கள், பத்தொன்பது இருபது வயதுப் பிள்ளைகள், களைத்துப்போய் வெளியேற வழி தேடும்போது, குடித்த கூட்டம் எதிரே ஓடிவருகிறது. அவர்களும் ரெஃப்ரிகளும் உள்ளே போகும்வரை காத்திருந்துவிட்டு இறங்கினால் சந்தோஷம் குறைந்துவிடாது.

பொருட்களை எறிவதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. 2021-ல் இதே நாக்ஸ்வில்லில், மிசிசிப்பி பல்கலைக்கழக அணியின் அப்போதைய கோச் லேன் கிஃபின் நின்ற பக்கம் கோல்ஃப் பந்தும் கடுகு சாஸ் புட்டியும் வந்து விழுந்தன. ஆட்டத்தையே நிறுத்திவைத்தார்கள்.

டெயில்கேட்

ஆட்டத்துக்கு முன் வண்டி நிறுத்துமிடத்தில் கிரில் வைத்துச் சமைத்து, தெரியாதவர்களுக்கும் தட்டு நீட்டும் இந்த வழக்கத்தை எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள். மிளகாய்த்தூளும் எலுமிச்சையும் தடவிய எங்கள் சோளக்கதிருக்கு வரிசை நின்ற நாட்கள் உண்டு. இங்கே நம் மாணவர்கள் செய்யும் தவறு இரண்டுதான். சட்டம் அனுமதிக்கும் 21 வயதுக்கு முன் குடிப்பதும், குடித்துவிட்டு வண்டி எடுப்பதும். மாணவர் விசாவில் இருப்பவர் குடித்துவிட்டு ஓட்டிக் கைதானால், வழக்கு முடிவதற்கு முன்பே விசா ரத்தாகலாம். ‘எல்லோரும் குடிக்கிறார்கள்’ என்பது அங்கே உதவாது.

ஜெயித்த பிறகு

2024 நவம்பர் 30 அன்று ஓஹையோ ஸ்டேட்டை அவர்கள் ஊரிலேயே 13–10 என்று வென்ற மிச்சிகன் வீரர்கள், மைதானத்தின் நடுவில் தங்கள் கொடியை நட்டார்கள். கைகலப்பு, போலீஸ் அடித்த மிளகு ஸ்ப்ரே, இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் தலா 1 லட்சம் டாலர் அபராதம். எதிராளியின் வாசலில் கொடி நடும் இந்த வழக்கம் எல்லா ஊரிலும் ஒழிய வேண்டும்.

ராணுவக் கல்லூரியும் கடற்படைக் கல்லூரியும் 1890 முதல் மோதுகின்றன. இதைவிடக் கடுமையான பகை இந்த ஆட்டத்தில் அதிகம் இல்லை. ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணிகளும் சேர்ந்து முதலில் தோற்றவர்களின் கேலரி முன்னால் போய் நிற்கின்றன. அவர்கள் கல்லூரிப் பாடல் முடியும்வரை ஜெயித்தவர்களும் அசையாமல் நிற்கிறார்கள். அதற்குப் பிறகு இரண்டு அணிகளும் எதிர்ப்பக்கம் நடந்துபோய் ஜெயித்தவர்களின் பாட்டுக்கு நிற்கின்றன.