டோரா மௌரர் பாணியில் நிறத்தின் மேல் நிறம்

1937இல் புடாபெஸ்டில் பிறந்த ஹங்கேரிய ஓவியர் டோரா மௌரர். அவருடைய 'ஓவர்லாப்பிங்ஸ்' ஓவியங்களில் வண்ணத் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று மிதப்பது போலத் தோன்றும். அந்த மாயத்தை ஒளி ஊடுருவாத அக்ரிலிக் வண்ணத்திலேயே வரவழைக்கலாம். நீர்த்த வண்ணத்தைப் பூசினால் தூரிகைத் தடம்தான் மிஞ்சும்.

30 செ.மீ. பலகையில் இரண்டு நாற்கரங்களை ஒன்றையொன்று வெட்டும்படி வரையுங்கள். விளிம்புகளை லேசாக வளைத்தால் தாள் புடைத்து நிற்கும்.

எல்லாம் அவை வெட்டும் பகுதிக்கு இடும் மூன்றாவது நிறத்தில்தான் இருக்கிறது. மஞ்சளும் நீலமும் என்றால், வெட்டும் பகுதிக்கு இரண்டையும் கலந்த பச்சை. அது மஞ்சளை ஒட்டியிருந்தால் மஞ்சள் தாள் மேலே வரும். நீலத்தை ஒட்டினால் நீலம். நீலம் கலவையை விழுங்கிவிடும். அதனால் அதை மஞ்சளில் துளித்துளியாகச் சேருங்கள். அக்ரிலிக் காய்ந்ததும் சற்றுக் கருக்கும் என்பதால் துண்டுத் தாளில் பூசி, நன்கு காய்ந்தபின் ஒப்பிடுங்கள்.

வளைவுக்கு 3 மி.மீ. மாஸ்கிங் டேப் (வண்ணம் படாமல் மறைக்கும் ஒட்டுநாடா) போதும். டேப்பின் ஓரத்தில் முதலில் அடியிலுள்ள நிறத்தையே மெல்லத் தடவிக் காயவிடுங்கள். கசிந்தாலும் தெரியாது. அதன்பின் புது நிறத்தை மெல்லிய இரண்டு பூச்சாக இடுங்கள். ஈரம் முழுக்கக் காயுமுன் டேப்பைச் சாய்வாக உரியுங்கள். காய்ந்தபின் இழுத்தால் படலமும் சேர்ந்தே கிழியும்.